மேலிருந்து கீழே ஓடும் இசை: மில்க்கிடிராக்கரோடு மூன்று வாரம்

மில்க்கிடிராக்கர் என்ற இசை மென்பொருளில் முதல் ஒலியை ஏற்றியதும் நான் அடித்துப் பார்த்தது சரளி வரிசை. பாட்டு வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரும் அதே ச ரி க ம ப த நி ச. கணினி விசைப்பலகையின் கீழ் இரண்டு வரிசைகளில் இசட், எஸ், சி, வி, பி, எச், எம். மேல் ஷட்ஜத்துக்கு மட்டும் கியூ. மாயாமாளவகௌளை வந்துவிட்டது. ஏறி இறங்க 16 ஸ்வரம், ஸ்வரத்துக்கு நான்கு வரி என்று விட்டால் 64 வரி. திரையில் இருந்த பேட்டர்ன் என்ற வரிப்பட்டியலும் 64 வரிதான். இரண்டு ஆவர்த்தனம் ஆதி தாளம், ஒரு வரிகூட மிச்சமில்லாமல் அதில் அடங்கியது. மென்பொருள் தொடக்கத்தில் வைத்துத் தரும் 125 வேகத்தில் அது 7.68 வினாடி ஓடுகிறது.

டிராக்கரைப் பார்க்காதவர்களுக்கு அதை இப்படிச் சொல்லலாம். மற்ற இசை மென்பொருள்களில் காலம் இடமிருந்து வலமாக ஓடும். இங்கே மேலிருந்து கீழே, கடைப் பேரேடு போல. ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு சேனல். ஒரு வரியில் என்ன ஸ்வரம், எந்தக் கருவி, எவ்வளவு சத்தம், அந்த ஸ்வரத்தை என்ன செய்ய வேண்டும் என்று நான்கு விவரம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரே ஒலி. இவ்வளவுதான் இலக்கணம்.

இந்தக் கட்டங்களுக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஒபார்ஸ்கி 1987இல் அமிகா என்ற வீட்டுக் கணினிக்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கரை எழுதினார். அமிகாவின் பவுலா சில்லு ஒரே நேரத்தில் நான்கு ஒலிகளைத்தான் எழுப்பும். அதனால் நான்கு நெடுவரிசை. 1994இல் ஸ்வீடனின் டிரைட்டன் குழுவைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் ஹஸ்ஸும் மாக்னஸ் ஹோக்டாலும் ஃபாஸ்ட்டிராக்கர் 2 கொண்டுவந்தபோது சேனல்கள் 32 ஆயின. மில்க்கிடிராக்கர் அந்த ஃபாஸ்ட்டிராக்கரின் வழிவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், காசு கிடையாது, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. 4 ஜிபி நினைவகம் உள்ள என் பழைய மடிக்கணினியில் ஒருமுறைகூடத் திணறவில்லை.

புதிதாக வருபவர் தடுக்கி விழும் இடம் முதல் நிமிடத்திலேயே இருக்கிறது. மென்பொருளைத் திறந்து எந்த விசையை அழுத்தினாலும் சத்தம் வராது. பழுது ஒன்றுமில்லை. அதற்குள் கருவி எதுவும் இல்லை, நாம்தான் ஒலித்துண்டுகளை ஏற்ற வேண்டும். அவற்றுக்கு சாம்பிள் என்று பெயர். நான் சமையலறை எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டி, கைபேசியில் பதிந்து, வேவ் கோப்பாக மாற்றி ஏற்றினேன். ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் சாம்பிள் இருமடங்கு வேகத்தில் ஓடிப் பாதி நேரத்தில் முடிகிறது. இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினால் நான்கு மடங்கு நீண்டு, அந்த டம்ளர் கோயில் மணியாகிவிடுகிறது. அந்த ஒலியைக் கேட்ட பிறகு இரவு வெகுநேரம் வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் தட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது இடறல், ஸ்பேஸ் விசை. அதுதான் எழுதும் நிலையைத் திறக்கவும் மூடவும் செய்வது. எழுதும் நிலை திறந்திருப்பதைக் கவனிக்காமல் சும்மா வாசித்துப் பழகினேன். பதினைந்து நிமிடம் கட்டிய தாளத்தின் மேல் புது ஸ்வரங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டன. இப்போதெல்லாம் விசையில் கை வைக்குமுன் எழுதும் நிலை திறந்திருக்கிறதா என்று கண் பார்த்துவிடுகிறது. ‘ஆட்’ என்ற எண்ணையும் முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். அதை 4 என்று வைத்தால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பிறகு குறி நான்கு வரி கீழே தாவும். தாளம் கட்ட அதுவே போதும்.

நான் அதிக நாள் செலவிட்டது எஃபெக்ட் பத்தியில். மூன்றே எழுத்து: முதலாவது என்ன செய்ய வேண்டும் என்பது, மற்ற இரண்டும் எவ்வளவு என்பது. எண்கள் பதினாறின் அடிமானத்தில், அதாவது 9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை போய்த்தான் 10 வரும். பயந்துவிட வேண்டாம், ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். 3 என்று தொடங்கினால் முன்பிருந்த ஸ்வரத்திலிருந்து புது ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும், நம் ஜாரு போல. ஓர் அரை ஸ்வரம் 16 அலகு. வழக்கமான வேகத்தில் ஒரு வரிக்கு ஐந்து முறை நகர்கிறது. மாயாமாளவகௌளையின் ரி-யிலிருந்து க-வுக்கு மூன்று அரை ஸ்வரம், ஆக 48 அலகு. 304 என்று வரிதோறும் எழுதினால் மூன்றாவது வரியில் க-வைத் தொட்டுவிடும். 302 என்றால் ஐந்து வரி ஆகும். ஒரே ஜாருவை வேகமாகவும் இழுத்தும் இப்படி எண்ணால் பிடித்துப் பார்ப்பது எனக்கு ஒரு பாடமாகவே இருந்தது.

கமகம் எல்லாமே வருமா? வராது. 4 என்று தொடங்கும் வைப்ரேட்டோ ஸ்வரத்தின் மேலும் கீழும் சமமாக ஆடுகிறது. நம் கம்பிதம் அப்படி ஆடுவதில்லை. ஒரு பக்கம் தங்கி, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுத் திரும்பும். வைப்ரேட்டோவை அதற்கு வைத்தால் ஆர்மோனியப் பெட்டியை யாரோ குலுக்குவது போலிருக்கிறது. 3-ஐ மாற்றி மாற்றிக் கையால் எழுதினால் ஓரளவு கிட்டே போகலாம். ஒரே ஒரு காந்தாரத்துக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. தாளத்தில் இந்தச் சிரமமில்லை. பேட்டர்னின் நீளத்தை 28 வரியாக்கினால் மிஸ்ர சாபு தயார்.

ஆனால் இதில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப்பட்டது வேறு. டிராக்கர் பாட்டின் கோப்பு, வெறும் பதிவு அல்ல. சாம்பிள்களும், ஒவ்வொரு வரியின் குறிப்பும் அதற்குள்ளேயே இருக்கின்றன. சாப்பாட்டோடு அடுப்பையும் மளிகையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். 1996 முதல் இயங்கும் மாட் ஆர்கைவ் சேமிப்பகத்தில் இப்படிப்பட்ட பாட்டுகள் குவிந்து கிடக்கின்றன. ஃபின்லாந்தின் மார்கஸ் கார்லோனன் ‘கேப்டன்’ என்ற பெயரில் செய்த ‘ஸ்பேஸ் டெப்ரி’யை இறக்கித் திறந்தேன். நான்கே சேனல். மூன்றை மௌனமாக்கிவிட்டு ஒன்றை மட்டும் ஓடவிட்டு, வரி வரியாக இறங்கினேன். ஒரு சேனலில் அடிநாதம் ஓய்கிற இடுக்கில் இன்னொரு ஒலியை எப்படிச் செருகுவது என்பதை இப்படிப்பட்ட பாட்டுகள்தான் காட்டுகின்றன. 037 என்று எழுதினால் ஒரே சேனல் மூன்று ஸ்வரங்களை வினாடிக்கு 50 முறை என்ற கணக்கில் மாற்றி மாற்றித் தொட்டு, ஒரு மைனர் கார்டு போல ஒலிக்கும். நான்கு சேனலுக்குள் வாழ்ந்தவர்களின் வித்தை அது. 1998இல் வந்த ‘அன்ரியல்’ விளையாட்டின் இசைகூட டிராக்கரில் செய்ததுதான்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். எழுத்துகள் பொடிப்பொடியாக இருக்கின்றன. அமைப்புகளில் போய்ப் பெரிதாக்காவிட்டால் அரை மணியில் கண் வலிக்கும். ஃபாஸ்ட்டிராக்கர் முறையில் பாட்டை ஓடவிடுவது வலப்பக்க கன்ட்ரோல் விசை, என் மடிக்கணினியில் அந்த விசையே இல்லை. திரையில் உள்ள பொத்தானைத்தான் சொடுக்குகிறேன். பழைய அமிகா பாட்டுகளை ஹெட்போனில் கேட்டால் இரண்டு சேனல் முழுக்க இடக்காதிலும் இரண்டு வலக்காதிலும் பிரிந்து நின்று தலையைப் பிளக்கும். பிரிவைக் குறைத்து வையுங்கள். வெளியிலிருந்து செருகும் விஎஸ்டி கருவிகளுக்கு இதில் இடமில்லை.

அவை வேண்டுமென்றால் ஓப்பன்எம்பிடி என்ற டிராக்கர் இருக்கிறது. அதுவும் இலவசம், ஆனால் விண்டோஸுக்கானது. எஃபெக்ட்டுகளைச் சொற்களாகவே காட்டித் தேர்ந்தெடுக்க விடுவதால், எண்களைக் கண்டு தயங்குபவர்களுக்கு அதுவே இதமாக இருக்கும். ரெனாய்ஸ் என்ற இன்னொரு டிராக்கர் பணம் கொடுத்து வாங்குவது, முதல் ஆறு மாதத்துக்குத் தேவையே இல்லை.

என் யோசனை, எட்டு சேனல் திறந்து வரும் வெற்றுத் தாளை நான்காகக் குறைத்துக்கொண்டு தொடங்குங்கள். சேமிக்கும்போது எக்ஸ்எம் வடிவத்தில், ஒவ்வொரு நாளும் புது எண் போட்டு வையுங்கள். என் சரளி வரிசை இப்போது பத்தொன்பதாவது கோப்பில் இருக்கிறது. டம்ளர் ஸ்வரம் பாட, தண்ணீர்க் குடம் தாளம் போட, மூன்றாவது சேனலில் ஒரே ஒரு தம்புரா மீட்டல் சுழல்கிறது. அந்தச் சுழற்சி தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன ‘டிக்’ இன்னும் கேட்கிறது. இன்றிரவு அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.