சிங்களம் கற்கும் நூல்கள்: தமிழருக்கான பாடம் எங்கே?

ஆடித் திருவாதிரை வந்தால் எங்கள் அரியலூர் மாவட்டத்தில் ராஜேந்திர சோழன் ஈழம் வென்ற கதையை மேடைக்கு மேடை பேசுவோம். ராஜராஜன் காலத்தில், 993 வாக்கில் தொடங்கிய அந்த ஆட்சி 1070 வாக்கில் முதலாம் விஜயபாகுவிடம் முடிந்தது. தோற்றவர்கள் தரப்பில் என்ன எழுதியிருக்கிறார்கள்? சூளவம்சம் பாலி நூல். கைகரின் மொழிபெயர்ப்பு வழியாக ஆங்கிலத்தில் படித்துவிடலாம். இன்றைய ஆய்வாளர்கள் சிங்களத்திலேயே எழுதுவதைப் படிக்க, சிங்களம் தெரிந்தால்தான் உண்டு. பெரம்பலூரில் அதற்கு ஆசிரியரை எங்கே தேடுவது? புத்தகங்கள்தான் கதி.

முதலில் ஆங்கில நூல்கள். ஃபேர்பேங்க்ஸ், கெய்ர், டி சில்வா மூவரும் எழுதி 1968இல் கார்னெல் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேச்சுச் சிங்களப் பாடநூல் இன்றைக்கும் உறுதியானது. பேச்சை முறையாகப் படிப்படியாகச் சொல்லித் தருகிறது. ஆனால் அது ஆங்கிலம் பேசுகிறவருக்கான பாடம். 'மட படகினி' என்றால் 'எனக்குப் பசிக்குது'. 'நான்' வராமல் 'எனக்கு' ஏன் வருகிறது என்று ஆங்கிலேயருக்குத்தான் விளக்க வேண்டும். நமக்கு ஒரு வரி போதும். வினை கடைசியில் வருவதும் அப்படித்தான்.

நமக்குக் கஷ்டம் வேறு இடத்தில். பேச்சில் மம யனவா, ஒயா யனவா, அபி யனவா: நான், நீ, நாம் யார் போனாலும் வினை மாறாது. எழுத்துக்குப் போனால் மம யமி, அபி யமு என்று மாறிவிடும். பேச்சு மட்டும் படித்தவர் செய்தித்தாளில் தடுக்கி விழுவார்.

அடுத்து, தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரும் கையேடுகள். வாங்குவதற்கு முன் யோசியுங்கள். 'கஹ' என்று போட்டிருந்தால் அது என்ன? முதல் எழுத்தைக் 'காந்தி'யில் வருவதுபோலச் சொன்னால் மரம். 'கண்'ணில் வருவதுபோலச் சொன்னால் மஞ்சள். மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால் இது தகவல் இழப்பு. ஒருமுறை தமிழ் எழுத்துக்கு மாற்றிவிட்டால் மூலத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

மூன்றாவது, தமிழ் வழி மாணவர்களுக்காக இலங்கையின் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் போடும் 'இரண்டாம் மொழி சிங்களம்' பாடநூல்கள். இலவசமாகவே இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் நமக்கு நெருக்கமானவை இவைதான். குறை என்னவென்றால், வகுப்பில் ஆசிரியர் இருப்பார், தெருவில் சிங்களப் பெயர்ப்பலகை இருக்கும் என்று நம்பி எழுதியவை. தனியாக உட்கார்ந்து படிக்கிறவருக்கு உச்சரிப்பு கிடைக்காது.

ஆக, என் பரிந்துரை: முதலில் சிங்கள எழுத்து. அதைத் தள்ளிப்போடவே கூடாது. பிறகு இலங்கைப் பாடநூல், கூடவே கார்னெல் நூல். உச்சரிப்புக்கு சிங்கள வானொலி கேளுங்கள். கடே, அக்கா, முதலாளி எல்லாம் அங்கேயும் உண்டு, தெம்பாக இருக்கும். ஆனால் 'குலிய' என்றால் வாடகை, 'இடம' என்றால் நிலம். நம் கூலியையும் இடத்தையும் அப்படியே அங்கே பொருத்தக்கூடாது.

இத்தனைக்கும் இல்லாத ஒன்று, தமிழ் இலக்கணத்தையும் சிங்கள இலக்கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது ஒன்று, எது வேறு என்று தமிழருக்குச் சொல்லும் ஒரு நூல். சோழபுரத்திலிருந்து ஆண்ட வீரராஜேந்திரன் பெயரால் பௌத்தரான புத்தமித்திரர் வீரசோழியம் எழுதினார். 13ஆம் நூற்றாண்டு சிங்கள இலக்கணமான சிதத் சங்கராவுக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமைகளை ஆய்வாளர்கள் பேசியிருக்கிறார்கள். அப்படி நெருங்கி இருந்த இரண்டு மொழிகளுக்கு நடுவே, இன்றைக்குப் பாதி வழி ஆங்கிலத்தில் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ராஜேந்திரன் படை நேர்வழியில் போனது. படிக்கப் போகிற நமக்குத்தான் இத்தனை சுற்று.