கீரியைக் கொன்றது யார்?

நீதிக்கதை என்கிற வடிவத்தை நம் விமர்சகர்கள் யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அது பாடநூல் சமாச்சாரம், குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கியாயிற்று. ஆனால் குடும்பம் என்றால் என்ன, யாருக்கு யார் பொறுப்பு, தப்பு நடந்தால் யார் தலையில் விடியும் என்பதையெல்லாம் ஒரு பிள்ளையின் மனசில் முதலில் எழுதிவைப்பது இந்த நரியும் காக்காயும் கீரியும்தான். நாவலும் கவிதையும் ரொம்பப் பின்னால் வருகின்றன. ஆகவே இந்தப் பிரதிகளை வகுப்பறைக்குள் வைத்து வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த கதையையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பார்ப்பனர் வீட்டில் பிள்ளையோடு பிள்ளையாகக் கீரி வளர்கிறது. தாய் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், தொட்டிலருகே வந்த பாம்பைக் கீரி கடித்துக் குதறுகிறது. ரத்தம் படிந்த வாயோடு வாசலில் வந்து நிற்கிறது. பிள்ளையைத்தான் கடித்துவிட்டது என்று நினைத்த தாய், குடத்தை அதன் மேல் போட்டுக் கொன்றுவிடுகிறாள். ‘ஆராயாமல் எதையும் செய்யாதே’ என்பது நீதி. மணி அடித்தால் அடுத்த பாடம்.

இந்தக் கடைசி வரி கதையைத் திறக்கவில்லை, இழுத்துச் சாத்துகிறது என்பதே என் வாதம். சமஸ்கிருதப் பஞ்சதந்திரத்தில் அந்தத் தாய் பிள்ளையைப் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறாள். கீரி மேல் அவளுக்கு முழு நம்பிக்கை கிடையாது. அவனோ பிச்சை வாங்கக் கிளம்பிவிடுகிறான். திரும்பி வருகிறவனைப் பார்த்து, உன் ஆசையால் வந்த வினை இது என்று அவள் ஏசுகிறாள். ஹிதோபதேசத்தில் இன்னும் வெளிப்படை. தாய் குளிக்கப் போக, காவல் இருந்த தகப்பன் அரண்மனையிலிருந்து அழைப்பு வந்ததும் கீரியை வைத்துவிட்டுப் போகிறான். திரும்பி வந்து கொல்பவனும் அவனே. நம் பிள்ளைகள் வாயில் கதை வரும்போது தகப்பன் எங்கோ கழன்றுவிடுகிறான். புத்தி கெட்ட ஒரு பொம்பளை மட்டும் மிஞ்சுகிறாள். சுருக்கிச் சொல்வது என்பது அப்பாவித்தனமான காரியமல்ல. யாரை வெட்டுவது என்று அங்கே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். பஞ்சதந்திரச் சட்டகத்தில் கேட்பவர்கள் ஆளப்போகிற அரசகுமாரர்கள். தாண்டவராய முதலியார் 1826இல் மராத்தியிலிருந்து தமிழாக்கியபோது, அவர் சார்ந்திருந்த சென்னைக் கல்லூரி கம்பெனி அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பித்த இடம். தண்டிக்கும் அதிகாரம் உள்ளவனுக்கு ‘விசாரித்துத் தண்டி’ என்று சொன்னால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. அதிகாரமே இல்லாத ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அதையே சொன்னால் அது என்னவாகிறது?

வகுப்பில் நீதி வரியைச் சொல்லாமல் கதையை நிறுத்திவிட்டு, ‘இதுல யார் மேல தப்பு?’ என்று மட்டும் கேட்டேன். முதலில் ‘அம்மா’ என்றார்கள் ஒரே குரலில். அப்புறம் ஒரு பையன், ‘பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல சார்?’ என்றான். கதையில் அண்டை அயல் என்று யாருமே இல்லை என்பது அப்போதுதான் வகுப்புக்கு உறைத்தது. சரி, உங்கள் தெருவில் யார் வீட்டில் விடலாம் என்று கேட்டேன். பேர் பேராகச் சொல்லிக்கொண்டே வந்தவர்கள் ஓர் இடத்தில் நின்றார்கள். ‘அங்கெல்லாம் விட மாட்டாங்க சார்.’ ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சமூகம் என்கிற சொல்லின் எல்லை எந்தத் தெருவில் முடிகிறது என்பது பன்னிரண்டு வயதிலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பின்பெஞ்சிலிருந்து ஒரு மாணவி சொன்னதுதான் என்னை இதை எழுதவைக்கிறது: ‘எங்க வீட்ல நான்தான் சார் கீரி. அம்மா வேலைக்குப் போனா தம்பிய நான்தான் பாத்துக்கணும். அவன் விழுந்தா எனக்குத்தான் அடி. எப்படி விழுந்தான்னு யாரும் கேக்க மாட்டாங்க.’

கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை என்று நம் மொழி இவற்றைப் பிள்ளைகளாகவே அழைக்கிறது. அந்தப் ‘பிள்ளை’ எதுவரை செல்லும் என்பதைக் கதை காட்டிவிடுகிறது. காவல் காக்கும்வரை பிள்ளை. வாயில் ரத்தம் தெரிந்த கணத்தில் வெறும் மிருகம். குடும்பத்துக்குள் அன்பின் பெயரால் உழைப்பவர்கள் எல்லோருக்கும் இந்த நிலை உண்டு. அந்தப் பெண் கதையைத் தாயின் கண்ணால் வாசிக்கவில்லை, கீரியின் கண்ணால் வாசித்தாள். ‘ஆராயாமல் செய்யாதே’ என்பதில் அவளுக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவள் செய்பவள் அல்ல, செய்யப்படுபவள்.

பள்ளிக்கூடக் கதை முடியும் இடத்துக்கு அப்பால் போகிறது சிலப்பதிகாரம். அடைக்கலக் காதையில் மாடலன் கோவலனுக்கு அவனுடைய பழைய செயல்களை நினைவுபடுத்துகிறான். கீரியைக் கொன்றவளின் கணவன், இனி உன் கையால் உண்ணக் கூடாது என்று சொல்லி வடக்கே போய்விடுகிறான். கடமை தெரிந்தவரிடம் கொடு என்று ஓர் ஏட்டை மட்டும் அவள் கையில் தந்துவிட்டுப் போகிறான். அவள் வணிகர் தெருக்களில் வீடுவீடாக அலைகிறாள். கோவலன்தான் அவளைக் கூப்பிட்டு விசாரித்து, பாவம் தீரத் தானம் செய்து, கணவனைத் தேடிச் சேர்த்துவைத்து, பொருளும் கொடுக்கிறான். குடும்பம் கைகழுவிய பொறுப்பைத் தெருவில் நின்ற ஓர் அந்நியன் ஏற்கிறான். அந்த அந்நியனும் சொந்த மனைவியை விட்டு மாதவி வீட்டுக்குப் போனவன்தான் என்பதைக் காப்பியம் மறைக்கவில்லை. ஆனால் இங்கும் கீரிக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. பாவம் தீர்ந்தது கொன்றவளுக்குத்தான்.

கீரியின் பக்கம் நின்றவர்கள் பிரான்சில் இருந்திருக்கிறார்கள். லியோனுக்கு வடக்கே இதே கதை வேட்டைநாயைப் பற்றி வழங்கியது. கொன்றவன் ஒரு பிரபு. ஊர்ப் பெண்கள் அந்த நாயைக் கினெஃபோர் என்று புனிதராக்கி, நோயுற்ற குழந்தைகளை அதன் புதைகுழிக்குத் தூக்கிப்போனார்கள். 13ஆம் நூற்றாண்டில் எத்தியென் என்கிற மதவிசாரணைத் துறவி எலும்புகளைத் தோண்டி எடுத்துக் கொளுத்தச் செய்தார். வழிபாடு அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் நின்றதை 1979இல் ழான்-குளோத் ஷ்மிட் ஒரு நூலாக எழுதினார். அந்தப் பெண்கள் கதையிலிருந்து நீதி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையைக் காத்ததற்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிஞ்சு மனசைக் குழப்பலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிஞ்சுகள் ஏற்கெனவே வீட்டில் கீரிகளாக இருக்கின்றன. பிள்ளையை விட்டுப்போனது யார், கேட்காமல் அடித்தது யார், அடிபட்டதற்கு யார் பதில் சொல்வது என்ற மூன்று கேள்விகளையும் அவர்களே கேட்டுக்கொள்ள வகுப்பில் பத்து நிமிஷம் போதும். அதற்குச் செய்ய வேண்டியதெல்லாம் அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் விடுவதுதான்.