நாலு பக்கமும் மூன்றடி

சென்னையில் அரை கிரவுண்டில் வீடு கட்டியவரிடம் தோட்டம் எங்கே என்று கேட்டால் மொட்டை மாடியைக் காட்டுவார். கொழும்பிலோ தெகிவளையிலோ அதே அளவு காணியில் இருப்பவர் வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போவார். கொஞ்சம் வசதி இருந்தால், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே வானம் தெரிகிற ஒரு முற்றத்தைக் காட்டுவார். இந்த வேறுபாட்டுக்கு மழையையும் ரசனையையும் காரணமாகச் சொல்வது வழக்கம். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை, அதுவும் இரண்டு பருவக்காற்றுகளிலும் அவற்றின் இடைவெளிகளிலும் பிரிந்து பெய்கிறது. சென்னைக்குக் கிடைக்கும் 1,400 மில்லிமீட்டரில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையோடு கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ரசனைக் காரணம் இன்னும் எளிது: இலங்கையர் பச்சையை விரும்புகிறார்கள், நாம் சிமெண்டை விரும்புகிறோம் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. வீட்டைச் சுற்றி விடவேண்டிய வெற்றிடம் மனையின் எந்தப் பக்கத்தில் விழுகிறது, கூரை தட்டையா சரிவா என்ற இரண்டுமே சிறு தோட்டத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. செடி வைப்பவர் அதற்குப் பிறகுதான் வருகிறார்.

மழைக் காரணத்தை யாழ்ப்பாணமே உடைத்துவிடுகிறது. அங்கேயும் மழை வடகிழக்குப் பருவக்காற்றை நம்பித்தான், கோடை நீண்ட வறட்சி, வற்றாத ஆறு கிடையாது. ஆனாலும் யாழ்ப்பாணத் தோட்டம் மாடி ஏறவில்லை, வளவிலேயே நிற்கிறது. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் போகும். எல்லையில் கிளுவையும் பூவரசும் வேலியாக நிற்கும்; முற்றத்தில் வேம்பு, அடிவளவில் கறுத்தக்கொழும்பான் மா, எலுமிச்சை, முருங்கை. சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீர் இருக்கும்வரை மழை நாட்களின் எண்ணிக்கை இந்த ஏற்பாட்டைக் குலைப்பதில்லை. நிலம் தாராளமாக இருந்ததால்தானே என்று கேட்கலாம். உண்மைதான். பத்துப் பேர்ச் கொண்ட பரப்பு என்ற அளவில் காணி பேசும் ஊரைச் சென்னையோடு நேர்க்கு நேர் நிறுத்துவது நியாயமில்லை. வறண்ட பருவம் தோட்டத்தை மாடிக்கு அனுப்புவதில்லை என்ற அளவுக்கு மட்டும் யாழ்ப்பாணத்தைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

இனிச் சென்னையின் கணக்கு. முப்பதுக்கு நாற்பது அடி மனை, 1,200 சதுர அடி. முன்னால் ஐந்தடி, மற்ற மூன்று பக்கமும் மும்மூன்றடி செட்பேக் விட்டதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 24-க்கு 32, அதாவது 768 சதுர அடி மிஞ்சும். விட்டது 432 சதுர அடி, மனையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! அதை ஒரே இடத்தில் திரட்டினால் 18-க்கு 24 அடியில் ஒரு மரமும் நாலு நாற்காலியும் கொள்ளும். நாலு பக்கமும் பிரித்துவிட்டதால் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு அதைத் தாண்டிப் போகக்கூட இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அதே மூன்றடி விட்டிருக்கிறார், நடுவில் மதில். வெயில் உச்சிப்பொழுதில் மட்டும் விழும் அந்தச் சந்தில் சம்ப் மூடி, மோட்டார், கழிவுக் குழாய், கேஸ் சிலிண்டர். கடைசியில் அதற்கும் டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, மண்ணாக விட்டிருந்தால் தானே நீரை உறிஞ்சியிருக்கும் அந்தப் பட்டையைச் சிமெண்டால் மூடி, அதிலேயே குழி தோண்டிக் குழாய் இறக்கிய வீடுகள் ஏராளம்.

இந்த வடிவம் நம் மரபில் வந்ததல்ல. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய தெருக்களில் மனை குறுகலாகவும் நீளமாகவும் இருந்தது. பக்கச் சுவர்கள் அண்டை வீட்டோடு ஒட்டியிருந்தன. வெற்றிடம் நடுவில் முற்றமாகவும் பின்னால் கொல்லையாகவும் திரண்டது. நாலு பக்கமும் இடம் விடுவது வெள்ளைக்காரர் காலத்துத் தோட்ட பங்களாவின் இலக்கணம். பங்களா ஏக்கர் கணக்கில் நிற்கும்போது அது அழகு. அதே இலக்கணத்தை அரை கிரவுண்டுக்குச் சுருக்கியபோது காம்பவுண்டு மிஞ்சியது, தோட்டம் காணாமல் போனது.

இலங்கையும் பங்களாவைப் பார்த்த நாடுதான். ஆனால் அங்கே இரண்டு காரியங்கள் வேறாக நடந்தன. கட்டடக்கலைஞர் மிநெற் டி சில்வா 1950-களில் கொழும்பு அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸில் பீரிஸ் குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில், கண்டிப் பக்கத்து வீடுகளின் நடுமுற்றத்தை நகரத்து மனைக்குள் கொண்டுவந்தார். அடுத்து ஜெஃப்ரி பாவா. 1960-களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வாவுக்கு அவர் கட்டிய வீடு, வெளியே மதிலைக் காட்டிவிட்டு உள்ளே முற்றத்தைச் சுற்றித் திரும்பியிருந்தது. பாகட்டல் வீதிப் பக்கம் 33-ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நாலு சிறு பங்களாக்களைப் பாவா ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக்கிய கதை இன்னும் தெளிவான பாடம்: அவற்றுக்கு இடையில் கிடந்த துண்டு வெளிகளே ஒளிமுற்றங்களாயின. அவற்றில் ஒன்றில் நிற்கும் தூண்கள் செட்டிநாட்டிலிருந்து போனவை. நாம் இடித்து விற்ற முற்றத்தின் தூண்களைக் கொழும்பு வாங்கி மறுபடி முற்றத்திலேயே நட்டிருக்கிறது! இரண்டாவது காரியம் சட்டம். 1986-இல் வந்த நகர அபிவிருத்தி அதிகாரசபையின் ஒழுங்குவிதிகள் குறைந்தபட்சக் காணியை 150 சதுர மீட்டர், அதாவது ஆறு பேர்ச் என்று வைத்தன. சிறு வீட்டுக்குப் பின்புறத் திறந்தவெளியை வற்புறுத்தின. பக்கச் சுவரை எல்லைவரை கொண்டுபோக இடம் கொடுத்தன. பின்னால் விழுந்த அந்த வெளி அகலம் குறைவானாலும் ஒரே துண்டு. கறிவேப்பிலை, ரம்பை, பப்பாளி, ஒரு துணிக்கொடி, ஒரு வாங்கு அதில் அடங்கிவிடும். கூரை பெரும்பாலும் ஓடோ அஸ்பெஸ்டாஸோ போட்ட சரிவு; ஏறி உட்கார மாடி இல்லாததும் தோட்டத்தைத் தரையில் இருத்தியது.

மாடித் தோட்டத்தைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2013 வாக்கில் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித் தோட்டத் தொகுப்புகளைக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய பைகளில் கத்தரியும் வெண்டையும் கீரையும் விளைவிப்பதில் சென்னைக்காரர்கள் உண்மையிலேயே தேர்ச்சி பெற்றுவிட்டார்கள். காய்கறி வேண்டுமானால் கொழும்பின் நிழல் முற்றத்தைவிட இந்த வெயில் மாடியே மேல். ஆனால் அது வசிக்கும் இடம் ஆவதில்லை. ஏறிப் புழங்கும் தட்டைக் கூரைக்கு இந்தியத் தர விதி கணக்கில் எடுக்கச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. நனைந்த மண் பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரவினாலே அந்த அளவைத் தாண்டிவிடும். ஆகவே மரம் வைக்க முடியாது. மரம் இல்லாமல் நிழல் இல்லை. பச்சை வலை கட்டினாலும் சித்திரை, வைகாசியில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை அங்கே நிற்க முடியாது. சமையலறையிலிருந்து இருபது படி ஏறிப் போகவேண்டிய தோட்டத்தை முதியவர்கள் முதலில் கைவிடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் இரண்டு வலுவானவை. செட்பேக் சும்மா வந்ததல்ல, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் தீ பரவாமல் இருக்கவும்தான் என்பார்கள். இரண்டு மாடிச் சுவர்களுக்கு நடுவே ஆறடிச் சந்தில் காற்று எவ்வளவு வரும் என்பதை அந்தப் பக்கம் சன்னல் வைத்தவர்களே சொல்லட்டும்; அதே பரப்பை முற்றமாகத் திரட்டினால் உள்ளறைகளுக்கும் வெளிச்சம் எட்டும். தீ விஷயத்தில் மட்டும் வாதம் நிற்கிறது. ஒட்டிய சுவர் என்றால் அதைச் சன்னலில்லாத கனமான சுவராகக் கட்டியாக வேண்டும். இரண்டாவது, பாவாவின் முற்றம் பணக்காரர் முற்றம் என்பது. இதை மறுக்கமாட்டேன். ஏனா டி சில்வாவின் வீட்டைக்கூட நில விலை விடவில்லை. அதைப் பிரித்துக் கொண்டுபோய்ப் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையில் மறுபடி கட்டவேண்டியிருந்தது. ஆனால் ஆறு பேர்ச் காணியின் பின்வெளி பாவாவின் கொடை அல்ல, விதியின் விளைவு. முற்றத்தில் நீர் தேங்கி டெங்கு வரும் என்ற மூன்றாவது ஆட்சேபத்துக்கு இவ்வளவு போதும்: 2017-இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது மெய், நுளம்பு பெருக இடம் விடுவதற்கு எதிராக 2007-லேயே சட்டமும் உண்டு. நீர் தேங்கும் சாடி மாடியிலிருந்தாலும் கொசு வரும்.

விதி மாறும்வரை சென்னையில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய எல்லா வரைபடத்திலும் ஓ.டி.எஸ். (வானுக்குத் திறந்த வெளி) என்று நாலுக்கு நாலு அடியில் ஒரு துளை இருக்கும், கழிவறைக் குழாய்களுக்காக. குழாய்களைப் பக்கச் சந்துக்கு மாற்றி, படிக்கட்டை அந்தத் துளையை ஒட்டி வைத்து, ஆறுக்கு எட்டாக விரித்தால் ஒரு படுக்கையறையில் இரண்டடி குறையும். தரையை மூடாமல் மண்ணாக விட்டு ஒரு பவழமல்லியோ நந்தியாவட்டையோ வைக்கலாம். வேர் சம்ப்பை உடைக்கும் மா, அரசு வகைகள் கூடாது. கொழும்பு இப்போது எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது. குடிசைப் பகுதிகளிலிருந்து எடுத்தவர்களை அடுக்குமாடிகளில் குடியேற்றுகிறார்கள்; புதிய தனி வீடுகளுக்கும் ஓட்டுக்குப் பதில் தட்டைக் கொங்கிறீற் வருகிறது. 2022 யூனில், உணவுத் தட்டுப்பாட்டின் நடுவே, வீட்டில் பயிரிடுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது இலங்கை அரசு. பின்வெளி உள்ளவர்கள் மரவள்ளி நட்டார்கள். அடுக்குமாடியில் இருந்தவர்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை வெறும் விடுமுறைதான்.