ஒட்டு விழுந்த இடங்கள்

ஒரே பழைய படத்தை இரண்டு பிரதிகளில் பார்த்து, எது எங்கே குறைகிறது, எது எங்கே கூடுகிறது என்று கவனிப்பது தனிச் சுகம். சமயநல்லூர்ப் பக்கம் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் தானாகவே ஒட்டிக்கொண்டது. திருவிழாவோ காதுகுத்தோ, டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு வரும். விடிய விடிய மூன்று படம் ஓடும். அதே படம் பிறகு டூரிங் கொட்டகைக்கு வரும், தூர்தர்ஷனில் வரும், கடைசியில் விசிடியாகவும் வரும். பெயர் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் இருந்த பாட்டு மற்றொன்றில் இருக்காது, ஒன்றில் முழுசாக வந்த சண்டை இன்னொன்றில் பாதியில் நின்றுவிடும்.

எங்கே குறையும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 35 எம்.எம். படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி ரீல் என்றால் சுமார் 11 நிமிடம். ஒரு ரீல் முடிந்து அடுத்த புரொஜக்டருக்கு மாறுகிற நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னி மறையும். ஒவ்வொரு ரீலின் தலையும் வாலும்தான் அதிகமாகக் கைபட்டுத் தேயும், அறுந்துபோகும். ஆபரேட்டர் அறுந்த சட்டங்களை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுப் போடுவார். அதனால் பழைய பிரதியில் வசனம் திடீரென்று குதித்தால், அது பெரும்பாலும் ரீல் மாறுகிற இடமாகத்தான் இருக்கும். எடிட்டரின் வெட்டு எது, சென்சாரின் வெட்டு எது, தேய்மானத்தின் வெட்டு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், படம் பார்ப்பதன் ருசியே வேறாகிவிடும்.

இந்த ருசிக்கு நம்மிடம் உள்ள முதல் பாடம் ‘பராசக்தி’. 1952 தீபாவளிக்கு வந்த படம். மதுரையில் தங்கம் தியேட்டர் இந்தப் படத்தோடுதான் திறந்தது. கதையும் மதுரையைச் சுற்றித்தான்: அண்ணன்மார் ரங்கூனில், தங்கை கல்யாணி மதுரையில். கோயிலுக்குள் பூசாரியை அந்த அண்ணன்மாரில் ஒருவனான குணசேகரன் மடக்குகிற காட்சியில், பராசக்தி என்று பூசாரி நம்பும் அந்த உருவம் உண்மையில் என்ன என்று சொல்லும் கடைசிச் சொல் மட்டும் காதில் விழாது. சென்சார் ஒலியை எடுத்துவிட்டது, படத்தை விட்டுவைத்தது. குணசேகரனாக நடிக்கும் சிவாஜியின் உதடு அசைகிறது. படத்தையும் சேர்த்து வெட்டியிருந்தால் ஷாட் குதித்திருக்கும், வசனத்தின் தாளமும் கெட்டிருக்கும். ஒலி மட்டும் போனதால் நடிப்பு முழுசாக நிற்கிறது. அந்த ஒற்றைச் சொல்லைப் பார்ப்பவரே உதட்டிலிருந்து படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழ் சினிமாவில் நீக்கப்பட்ட பகுதிகளிலேயே இதுதான் மிகச் சத்தமானது என்று நான் அடித்துச் சொல்வேன்.

அந்தப் படத்துக்கே இன்னொரு மறைந்த உருவம் உண்டு. சுமார் 2,000 அடி எடுத்த பிறகு, புதுமுகம் சிவாஜி ஒல்லியாக இருக்கிறார் என்று ஏவி. மெய்யப்பனுக்கு மனக்குறை. கே.ஆர். ராமசாமியைப் போடலாம் என்றார். தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் அசையவில்லை. சிவாஜி உடம்பைத் தேற்றிக்கொண்டார், முதலில் எடுத்த பகுதிகளைத் திரும்ப எடுத்தார்கள். 2,000 அடி என்பது 22 நிமிடம். ஒல்லியான அந்தக் குணசேகரன் எப்படி நின்றார், எப்படிப் பேசினார் என்று பார்க்கக் கிடைத்தால், இயக்குநர்கள் கிருஷ்ணன்-பஞ்சு எதை மாற்றினார்கள், நடிகர் தாமாகவே எதைக் கண்டுகொண்டார் என்பது அக்கம்பக்கமாகத் தெரியும். நடிப்புக் கலைக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இருக்க முடியாது.

படம் தேய்ந்தாலும் நம்மவர்களிடம் ஒலி தங்கியது. பராசக்தி வசனம் இசைத்தட்டாக வந்தது. கதை வசன ஒலிநாடாக்கள் பின்னால் பெரிய வழக்கமாகி, 1984இல் ‘விதி’ வந்தபோது அதன் நீதிமன்றக் காட்சி டீக்கடை, கல்யாண வீடு என்று ஊரெல்லாம் ஒலித்தது. பாட்டிலும் இதே கதைதான். ‘நிழல்கள்’ படத்துக்காக எஸ். ஜானகி பாடிய ‘தூரத்தில் நான் கண்ட’, ‘தளபதி’க்காக ஜேசுதாசும் ஜானகியும் பாடிய ‘புத்தம் புது பூ’ இரண்டும் ஒலிநாடாவில் உண்டு, படத்தில் இல்லை. படத்தில் இல்லாத ஒரு பாட்டுக்கு, படத்தைத் தெரிந்தவர்கள் தங்கள் மனதிலேயே இடம் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். ரசனையில் இது உயர்ந்த வகை என்பது என் எண்ணம்.

விசிடி வந்தபோது நமக்குக் கூடுதல் காட்சி கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது குறைவுதான். ஒரு வட்டில் 74 முதல் 80 நிமிடம் அடங்கும். மூன்று மணி நேரத்தைத் தாண்டும் பழைய படத்தை இரண்டு வட்டில் அடைக்க வேண்டுமென்றால் எதையாவது வெட்டத்தான் வேண்டும். பாட்டு போகும், நகைச்சுவை போகும். என்.எஸ். கிருஷ்ணன், காளி என். ரத்தினம் காலத்துப் படங்களில் நகைச்சுவைக்குத் தனியாக ஒரு கதையே ஓடும். அதை எடுத்தால் முக்கியக் கதை அப்படியே நிற்கும் என்று வெட்டுகிறவர் நினைக்கிறார். ஆனால் அந்தக் காலத்து ரசிகன் காசு கொடுத்தது அந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

வெளியே இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ‘பிளேட் ரன்னர்’ 1982இல் வந்தது. 1992இல் ஒரு வடிவம், 2007இல் இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் இறுதி வடிவம். அந்த ஆண்டே ஐந்து வடிவங்களையும் ஒரே பெட்டியில் விற்றார்கள். எது பிடிக்கிறது என்று முடிவெடுக்கும் உரிமை பார்ப்பவருக்கு. நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. இந்திப் படமான ‘ஷோலே’யில் வில்லன் கப்பர் சிங்கைத் தாக்கூர் ஆணி பதித்த செருப்பால் மிதித்துக் கொல்வதாகத்தான் முதலில் எடுத்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்துச் சென்சார் ஒப்பவில்லை. 1975இல் போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றினார்கள். பழைய முடிவு பல காலம் வீடியோவில் மங்கலாகச் சுற்றியது. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் சீரமைத்த முழுப் படம் 2025 ஜூனில் இத்தாலியின் போலோன்யா விழாவில் திரையேறியது. முடிவு மாறும்போது தாக்கூரின் பாத்திரமே மாறிவிடுகிறது. இரண்டையும் பார்த்தவர்தான் தாக்கூராக நடித்த சஞ்சீவ் குமாரை முழுசாகப் பார்த்தவர்.

நீளமானதெல்லாம் உயர்ந்தது என்று நான் வாதாடவில்லை. 2023இல் ‘ஆளவந்தான்’ நன்றாகச் சுருக்கப்பட்டுத் திரும்ப வந்தது. 2022இல் ‘பாபா’ மாறிய முடிவோடு வந்தது. இரண்டையும் வரவேற்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: புதியது வந்ததால் பழையது காணாமல் போகக்கூடாது. எந்த வடிவம், எத்தனை நிமிடம், எதை எடுத்தோம் என்று உறையிலும் ஓடிடியிலும் எழுதுங்கள் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய விஎச்எஸ் கேசட், விசிடி, கதை வசன ஒலிநாடா, பாட்டுப் புத்தகம் எது கிடந்தாலும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஓடுகிறதா என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள், கணினியில் ஏற்றி வையுங்கள். உங்கள் பிரதியில் மட்டும் இருக்கிற இரண்டு நிமிடம் வேறு எங்கும் இல்லாமல் போகலாம்.