இறைவியும் அறுத்துக் கட்டியவளும்

கார்த்திக் சுப்புராஜின் ‘இறைவி’ (2016) பெண்களுக்காக எடுத்த படம் என்று தோழர்கள் சொன்னார்கள். குடியாத்தத்தில் எங்க வீட்டில், பீடி இலை வெட்டிக்கொண்டே பெரியம்மாவும் என்னோடு பார்த்தாள். பாதியில் கேட்டாள்: “ஏம்மே, அவ இன்னாத்துக்கு இன்னும் அவங்கூட கீறா?”

இந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை.

யாழினியின் புருஷன் அருள், எடுத்த படம் வெளிவராத துக்கத்தில் குடிக்கிற இயக்குநர். பொன்னியின் புருஷன் மைக்கேல், மலரை நினைத்துக்கொண்டே இவளுக்குத் தாலி கட்டியவன். மலர் புருஷனை இழந்தவள். மறுகல்யாணம் வேண்டாம் என்கிறாள். அருளின் தம்பி ஜெகனுக்குப் பொன்னிமேல் ஆசை. இத்தனை பேர் வாழ்க்கையும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது. ஆம்பளைகளின் ஆத்திரத்தைப் படம் சாடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அருளின் குடிக்குக் கலை என்று ஒரு காரணம் கிடைக்கிறது. எஸ்.ஜே. சூர்யாவின் நடிப்பு அதை இன்னும் பெரிசாக்குகிறது. யாழினிக்குக் கிடைப்பது காத்திருப்பு. கடைசியில் அருளே அவளை விலக்கிவிட்ட பிறகுதான் அவளுக்கு வழி பிறக்கிறது. விடுதலையும் புருஷன் போடுகிற பிச்சைதானா?

மைக்கேல் யார்? அருள் வீட்டுக்கு உழைத்த குடும்பத்துப் பிள்ளை. அண்ணனுக்காகக் கொலை செய்கிறான், ஜெயிலுக்குப் போகிறான், அந்த அண்ணன் கையாலேயே சாகிறான். படம் இதை விசுவாசம் என்கிறது. பெரிய வீட்டு வாசலில் நின்று பழகிய நமக்கு இதன் வேறு பேர் தெரியும். சாதியைப் பேசாத படத்தில் சாதி இந்த விசுவாசத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் அகமணத்தைக் காக்க வந்தவை என்று 1916-இலேயே ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில் அம்பேத்கர் சொல்லிவிட்டார். நம் சனங்களிடம் அறுத்துக் கட்டுதல் இருந்தது. ஒத்துவராத புருஷனைப் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு இன்னொருத்தனோடு வாழலாம். அந்தப் பஞ்சாயத்திலும் ஆம்பளைகள்தான் உட்கார்ந்தார்கள். அடி உதையும் இருந்தது. ஆனாலும் கதவு திறந்திருந்தது. 1955-இன் இந்துத் திருமணச் சட்டமும் வழக்கப்படியான மணமுறிவை ஒப்புக்கொள்கிறது. அதையே ‘அறுத்துக் கட்டுற சாதி’ என்று வசையாக்கினார்கள்.

எங்க ஆயா அறுத்துக் கட்டியவள். எம்.ஏ. வகுப்பில் கண்ணகியின் கற்பைப் பேசியபோது நான் வாய் திறக்கவில்லை. வெட்கம். ஆயா எனக்கு வெட்கமாக இருந்தாள் என்பதை இன்று எழுதும்போது கை கூசுகிறது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் பஸ் ஏறி, கைநிறையச் சம்பளமில்லை என்றாலும் தன் காலில் நிற்கிற எங்க பெண்கள், அடிக்கிற புருஷனோடு ‘மானத்துக்காக’ இருக்கிறார்கள். இந்த மானம் யார் வீட்டுச் சரக்கு? நாம் ஏன் அதைக் கடன் வாங்கினோம்?

படம் மழையில் முடிந்தது. பெரியம்மா முறத்தைத் தள்ளிவைத்தாள். “உங்க ஆயா மழை வரும்னு காத்துக்கினு இருக்கல. துணி மூட்டைய எடுத்துக்கினு வெயில்ல நடந்தா.”

அந்த நடையைச் சினிமாக்காரர்கள் எடுப்பார்களோ மாட்டார்களோ, முதலில் நாம் எழுதுவோம்.