வெள்ளையடிப்புக்கு அடியில் முட்டைப் பூச்சு

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை வட்டாரத்துப் பழைய நகரத்தார் வீடுகளைப் பழுதுபார்க்கும்போது, சுவரில் ஏறியிருக்கும் வண்ணங்களுக்கு அடியில் பாலேடு போல் வழுவழுப்பான ஒரு பூச்சு வெளிப்படுவதுண்டு. முதலில் தெரிவது எமல்ஷன். அதற்குக் கீழே டிஸ்டெம்பர், நீலம் கலந்த வெள்ளையடிப்பு. எல்லாம் உதிர்ந்த பிறகு வருவதுதான் ஊரார் முட்டைப் பூச்சு என்று சொல்லும் சுண்ணாம்புப் பூச்சு. பழைய வீட்டில் எதிர்பாராமல் கிடைக்கும் பொருள்களில் இதற்கு நிகரானது வேறில்லை. பெட்டகத்தில் கிடைக்கும் வெள்ளிப் பாத்திரத்தைப் போல இதைக் கையில் எடுத்துப் போக முடியாது. வீட்டோடு சேர்ந்தே வாழும்.

இவ்வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940-களுக்கும் இடையே கட்டப்பட்டவை. பர்மா, இலங்கை, மலாயா வணிகத்தில் ஈட்டிய பணம் முகப்பாகவும் வளவாகவும் இரண்டாங்கட்டாகவும் எழுந்தது. இரண்டாம் உலகப் போரோடு அந்த வருமானம் அறுபட்டது. குடும்பங்கள் வெளியூர்களில் குடியேறின; வீடு பங்காளிகளுக்குப் பொதுவாக நின்றது. கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் கதவு திறக்கும்போது மேலாக ஒரு வண்ணம் அடித்தார்கள். அப்படித்தான் பழைய மினுக்கு மறைந்தது.

பூச்சு வேலை கிளிஞ்சலில் தொடங்குகிறது. சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, மணல் சேர்த்து, செக்கில் அரைத்தார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் அரவையில் சேரும். முதல் பூச்சு சொரசொரப்பாக இருக்கும். அடுத்தடுத்த பூச்சுகளில் மணல் நைந்துகொண்டே போய், கடைசிப் பூச்சில் வெண்ணெய்ப் பதத்துச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் மட்டும் நிற்கும். அதன் பிறகுதான் கொத்தனாரின் உண்மையான வேலை. ஈரம் முற்றும் காயுமுன் கரணையால் அழுத்தி, வழவழப்பான கல்லால் தேய்த்து, சுவர் விடும் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். சற்று முந்தினால் பூச்சு இழுபடும். சற்றுப் பிந்தினால் மினுக்கு ஏறாது. அந்த நேரத்தைக் கை அறிந்திருந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகும் தூணோரத்தில் சாய்வாக விழும் வெளிச்சத்தில் பார்த்தால் கல் ஓடிய போக்கு மெல்லிய வரிகளாகத் தெரியும்.

சுண்ணாம்பு இறுகுவது காற்றால். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகிறது. வெல்லம் கலவையை இளக்கமாக வைக்கிறது. முட்டையின் புரதம் மேற்பரப்பைக் கட்டுகிறது. இத்தனை மழமழப்பாக இருந்தும் இச்சுவர் ஈரத்தை உள்ளே அடைத்து வைப்பதில்லை. அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியாகவே ஆவியாகிவிடும்.

பூச்சு தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் அந்த மழமழப்பேதான். தேய்த்து மெருகேற்றிய முகத்தில் வெள்ளையடிப்புக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. நீர் தெளித்து ஊறவிட்டு மூங்கில் சிம்பால் நெம்பினால் பொருக்குப் பொருக்காகக் கழன்று வரும். எமல்ஷன் அவ்வளவு எளிதில் விடாது. எண்ணெய் வண்ணம் அதைவிட முரண்டு பிடிக்கும். கதவுக்குப் பின்னால், கண் படாத மூலையில் கையகல இடத்தைத் திறந்து பார்த்துவிட்டு மேலே போவதே முறை. கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் பட்டால் மினுக்கு ஒரே நாளில் போய்விடும். தஞ்சைப் பெரிய கோவிலிலும் நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில்தான் 1931-இல் ஆய்வாளர் எஸ். கே. கோவிந்தசாமி சோழர் ஓவியத்தைக் கண்டார். மேலடுக்கு தானே விடும் இடத்தில் தேடுவதே நல்லது.

சில சுவர்களில் வேறொரு காட்சி வரும். சிமெண்ட் பிடிப்பதற்காகப் பழைய முகத்தை உளியால் கொத்தியிருப்பார்கள். விரற்கடைக்கு ஒரு குழியாகச் சுவர் முழுதும் அம்மைத் தழும்பு. மெருகு குறையாத பரப்பின் நடுவே அந்தக் குழிகளைப் பார்ப்பது வேதனை. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தேங்கும் ஈரம் உப்பைத் தள்ளிச் சிமெண்ட் பூச்சையே பெயர்த்துவிடும். அப்படிச் சிமெண்ட் தானாகக் கழன்ற இடத்தில்தான் பல வீடுகளில் முட்டைப் பூச்சு முதலில் கண்ணில் படுகிறது.

பூச்சோடு சேர்ந்து வேறு சிலவும் வெளியே வரும். சுவரின் மேல்விளிம்பில் பூக்கொடி வரைந்த பட்டை, வண்ணத்தில் மூழ்கிய புடைப்பு ஓடுகள். உடைந்து கழன்ற ஓட்டைத் திருப்பினால் முதுகில் ஜப்பான் அல்லது இங்கிலாந்து என்ற முத்திரை இருக்கும். மரவேலையில் பூசிய பச்சை எனாமலைச் சுரண்டினால் பர்மா தேக்கின் ரேகை தெரியும்.

பழுதான இடத்தை அதே முறையில் நிரப்பலாம். ஆத்தங்குடிப் பக்கம் இன்றும் இந்தப் பூச்சு தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள். உடைந்த விளிம்பைச் சாய்வாகச் செதுக்கி, பழைய பூச்சை நன்றாக நனைத்து, சொரசொரப்பிலிருந்து மெல்லிசுக்கு அடுக்கடுக்காகக் கட்டி வருவார்கள். நனைக்காத விளிம்பு புதுக் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, ஒட்டு வெடித்துவிடும். காய்ந்த ஒட்டு பழைய சுவரைவிட வெளுப்பாகவே இருக்கும். அந்த நிற வேறுபாட்டைச் சாயம் பூசி மறைக்காமல் விடுவதே நேர்த்தி. எது பழைய கை, எது புதிய கை என்பது அடுத்து சுவரைத் தொடும் கொத்தனாருக்குத் தெரிய வேண்டும்.