யார் கைக்கு இந்தக் கம்ப்யூட்டர்?

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத்தெருவின் கோடியில், பரதேசி ஜெப ஆலயத்தை ஒட்டி நிற்கும் மணிக்கூண்டை எசக்கியேல் ரஹாபி என்ற யூத வணிகர் 1760இல் கட்டினார். அதன் கடிகார முகங்களில் ஒன்றில் ரோமன் எண்கள், இன்னொன்றில் எபிரேயம், வேறொன்றில் மலையாளம். அந்தத் தெருவில் யார் யார் நடமாடுவார்கள், யாருக்கு எந்த எழுத்து பழக்கம் என்று யோசித்துச் செய்த வேலை. பழைய கம்ப்யூட்டர்களின் விவரத்தாள்களை நான் ரசித்துப் படிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இத்தனை மெகாஹெர்ட்ஸ், இத்தனை கிலோபைட், இத்தனை பேட்டரி என்று வரிசையாகப் போகும் எண்களுக்குப் பின்னால், 'இதை யார் கையில் கொடுக்கப் போகிறோம்' என்று செய்தவர்கள் மனத்தில் வைத்திருந்த ஓர் ஆள் இருப்பார். மெமரி யானை விலை விற்ற காலம் அது. எல்லாருக்கும் எல்லாம் தர முடியாது. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றில் கைவைக்க வேண்டும். எதைக் கொடுத்தார்கள், எதில் கைவைத்தார்கள் என்பதில்தான் நயமே இருக்கிறது.

யூதத்தெருவின் பழம்பொருள் கடைகளில் உருளி, குத்துவிளக்கு, கிராமபோன், மிஞ்சிப்போனால் டைப்ரைட்டர் வரை பார்க்கலாம். பித்தளையும் தேக்கும் என்றால் பழம்பொருள், பிளாஸ்டிக் என்றால் ஆக்கர் சாமான்: கடைக்காரர்கள் கணக்கு இவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காயலிலிருந்து வரும் உப்புக்காற்றில் பேட்டரித் தகடுகளில் பச்சை பூத்துவிடும். கைக்கு மெத்தென்று இருப்பதற்காகப் பூசிய ரப்பர் பூச்சு பிசுபிசுக்க ஆரம்பித்துவிடும். உருளியைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். கம்ப்யூட்டரை எதைப் போட்டுத் தேய்ப்பது?

மேசைக் கம்ப்யூட்டர்களில் என் முதல் ஓட்டு பிபிசி மைக்ரோவுக்கு. கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் கொண்டுவந்த இந்தக் கருவி, 1984இல் இந்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் மூலம் நம் நாட்டில் சுமார் 250 பள்ளிகளுக்கு வந்தது. 'பி' மாடலில் 2 மெகாஹெர்ட்ஸ் 6502 சில்லு, 32 கிலோபைட் மெமரி. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோவைக்கூட அதற்குள் அடைக்க முடியாது. அந்த 32இல், நுணுக்கமாகப் படம் வரையும் திரைமுறைக்கு மட்டும் 20 கிலோபைட் போய்விடும். மிச்சத்தில் கருவி தன் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டது போக, மாணவர் புரோகிராம் எழுத மிஞ்சுவது கொஞ்சம்தான். படம் வேண்டுமா, புரோகிராம் வேண்டுமா என்று கேட்கும் கருவி.

இந்த இக்கட்டிலிருந்து தப்பிக்க வைத்த வழிதான் 'மோட் 7'. வரிக்கு 40 எழுத்து, 25 வரி. மொத்தமே 1 கிலோபைட். எழுத்தின் உருவத்தை மெமரியில் வைக்காமல் அதன் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, உருவம் கொடுக்கும் பொறுப்பைத் தனியாக ஒரு டெலிடெக்ஸ்ட் சில்லிடம் விட்டுவிட்டார்கள். வண்ணத்துக்கு என்ன செய்வது? அங்கேதான் அழகு. ஒரு வரியின் நடுவில் சிவப்பு எழுத்து வேண்டுமென்றால், 'இனிமேல் சிவப்பு' என்ற கட்டளையை ஒரு எழுத்துக்குரிய கட்டத்திலேயே போட வேண்டும். திரையில் அந்தக் கட்டம் வெற்றிடமாகத் தெரியும். கேட்டால் குறைபாடு மாதிரித்தான் இருக்கும். ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் எப்படியும் ஓர் இடைவெளி விடத்தானே வேண்டும்? நிறம் அந்த இடைவெளிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தனி மெமரியும் வேண்டாம், கூடுதல் செலவும் இல்லை. சொல்லின் பாதியில் நிறம் மாற்ற முடியாதுதான். பள்ளிக்கூடத்தில் அது யாருக்குத் தேவை?

பள்ளிக்கூடம் என்ற எண்ணம் அதன் உடம்பெல்லாம் தெரியும். கீபோர்டின் உச்சியில் சிவப்பாக ஒரு வரிசை விசைகள். அவற்றுக்கு என்ன வேலை என்பதை உபயோகிப்பவரே தீர்மானித்துக்கொள்ளலாம். பின்பக்கம் நான்கு தடங்களில் மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக மாற்றும் ஒரு துளை: இயற்பியல் வாத்தியார் வெப்பத்தை உணரும் கம்பியை அதில் மாட்டி, வெந்நீர் ஆறுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டலாம். அடிப்பக்கம் கவிழ்த்துப் பார்த்தால் பிரிண்டருக்கு, டிஸ்க்குக்கு, இன்னொரு பிராசசருக்கு என்று இணைப்பான்கள் வரிசையாக இருக்கும். திறந்து பார், எதையாவது மாட்டிப் பார் என்று அழைக்கும் கருவி. இன்றைய மெல்லிய மடிக்கணினிகளில் ஸ்க்ரூவைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

யூதத்தெருவில் கம்ப்யூட்டருக்கு முந்திய சத்தம் ஒன்று உண்டு. இந்திய மிளகு மற்றும் நறுமணப்பொருள் வர்த்தகச் சங்கம் 1957இலிருந்து இங்கே மிளகு முன்பேர வணிகம் நடத்தியது. 1997இல் சர்வதேச ஒப்பந்தமும் தொடங்கியது. வியாபாரம் கூவிக் கூவித்தான். ஆளுக்கொரு டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு விலையைக் கத்திய கூடம், திரை வந்ததும் அடங்கிப்போனது. அந்தக் கூவலின் கடைசிக் காலத்தில் ஒரு பஜார் ரோடு மிளகு வியாபாரி என்னிடம் யோசனை கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஹெச்பி 200எல்எக்ஸை வாங்கச் சொல்லியிருப்பேன்.

1994இல் வந்த அது சட்டைப்பைக்குள் கொஞ்சம் முண்டிக்கொண்டு நிற்கும் ஒரு முழு டாஸ் கம்ப்யூட்டர். கணக்குக்கு லோட்டஸ் 1-2-3. அதை டிஸ்க்கிலிருந்து ஏற்றக்கூட வேண்டாம், சில்லிலேயே பதித்து வைத்திருந்தார்கள். அத்தனை சின்னக் கீபோர்டில் இடம் எவ்வளவு அருமை! ஆனாலும் வலது ஓரத்தில் எண்களுக்கென்று தனியாக ஒரு தொகுதியை ஒதுக்கினார்கள். எழுத்து விசைகள் குறுகினாலும் பரவாயில்லை, எண் விசை தவறக்கூடாது. குவிண்டாலுக்கு ஒரு பூஜ்யம் கூடினால் என்னாவது? திரையில் 640க்கு 200 புள்ளிகள். ஒரு விசைச் சேர்க்கையைத் தட்டினால் வரிக்கு 80 எழுத்து என்பது 64 ஆகும், இன்னொரு தட்டில் 40. நாற்பது வயதைத் தாண்டியவர்கள்தான் இதை வாங்குவார்கள் என்று தெரிந்து வைத்த வசதி அது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் டபுள் ஏ பேட்டரி இரண்டு போதும், வாரக்கணக்கில் ஓடும். பேட்டரி மாற்றும் நேரத்தில் கணக்கு அழிந்துவிடாமல் காக்க உள்ளே ஒரு காசு பேட்டரியும் உண்டு.

லண்டனின் சயான் 1997இல் செய்த 'சீரீஸ் 5' வேறொரு ஆளுக்கானது: ரயிலில் உட்கார்ந்து கட்டுரை எழுதும் ஆளுக்கு. 18 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் சில்லு, இதற்கும் இரண்டே டபுள் ஏ. ஆனால் எண்களை விடுங்கள், கீலைப் பாருங்கள். தொடுதிரையுள்ள சின்ன மடிப்புக் கருவிகளில் ஒரு தொல்லை: பேனாவால் திரையை அழுத்தினால் மொத்தமும் பின்னால் கவிழும். மார்ட்டின் ரிடிஃபோர்டின் வடிவமைப்பில், மூடியைத் திறக்கும்போதே கீபோர்டு முன்னால் நழுவி வெளியே வரும்; திரை பின்பக்கம் ஊன்றிச் சாயும். அழுத்தினால் அசையாது. விரல்களுக்கு நிஜமான கீபோர்டின் அகலமும் கிடைத்துவிடும். ஒரே அசைவில் இரண்டு காரியம். அதில் ஓடிய எபாக் மென்பொருள்தான் பிறகு சிம்பியன் என்று பெயர் மாறி நோக்கியா போன்களுக்குள் போனது.

இதுவரை சொன்ன கருவிகளின் ஆட்கள் எல்லாருமே படிக்கத் தெரிந்தவர்கள், சொந்தமாகவோ பள்ளியிலோ கருவி கிடைக்கக் கூடியவர்கள். படிக்கத் தெரியாத, வாங்க வசதியில்லாத ஆளை மனத்தில் வைத்து விவரத்தாள் எழுதினால் எப்படியிருக்கும்? அதைப் பெங்களூரில் எழுதிப் பார்த்தார்கள். இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து 1999இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை அமைத்தார்கள். 2001 ஏப்ரலில் மாதிரிக் கருவி வெளியே வந்தது. 2004இல் பிகோபீட்டாவும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் 'அமிடா சிம்ப்யூட்டர்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தன. 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு, லினக்ஸ், 320க்கு 240 புள்ளித் தொடுதிரை. அந்தக் காலக் கைக்கணினிகளின் வரிசையில் வைத்தால் எண்களில் எந்த அதிசயமும் இல்லை. ஆனால் விவரத்தாளில் ஒரு வரி தனியாக நிற்கும்: ஸ்மார்ட் கார்டு துளை.

அந்தத் துளை செய்யும் வேலை இது. கருவியை ஊராட்சியோ பள்ளியோ ஒரு பெட்டிக்கடையோ வாங்கி வைத்துக்கொள்ளும். ஊரில் ஆளுக்கொரு கார்டு. தேவைப்படும்போது வந்து கார்டைச் செருகினால், கருவி அந்த நேரத்துக்கு அந்த ஆளுடையது. அவருடைய விவரங்கள் கார்டில் இருக்கும். கார்டை உருவிக்கொண்டு போனால் அடுத்தவர் முறை. 'பர்சனல் கம்ப்யூட்டர்' என்ற பெயரில் இருந்த பர்சனலைக் கழற்றி ஒரு கார்டில் வைத்து, கம்ப்யூட்டரை ஊர்ப்பொதுவில் விட்டார்கள். நான் பார்த்த விவரத்தாள்களில் இதற்கு இணையான வரி இல்லை என்பேன்.

அமிடாவில் இன்னொரு குறும்பும் உண்டு. உள்ளே அசைவை உணரும் சில்லு. மணிக்கட்டை லேசாகச் சொடுக்கினால் பக்கம் புரளும். ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டு முன்னால்! இந்திய மொழிகளுக்கு ஒழுங்கான கீபோர்டு இல்லையென்றால் என்ன, திரையில் பேனாவால் கைப்பட எழுதி அதையே மின்னஞ்சலாக அனுப்பலாம் என்றும் வைத்தார்கள்.

விற்பனை சில ஆயிரத்தைத் தாண்டவில்லை. விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்கியது. அதே ஆண்டுகளில் செல்போன் மளமளவென்று மலிவானது. கர்நாடக வருவாய்த்துறை பயிர் விவரம் சேகரிக்கச் சிம்ப்யூட்டரை வாங்கியது. அரசு ஊழியர் கையில் அது நன்றாகவே வேலை செய்தது, ஆனால் விவரத்தாள் கனவு கண்ட ஆள் அந்த ஊழியர் இல்லை. கார்டு துளை பெரும்பாலும் காலியாகவே கிடந்திருக்கும்.

மிஞ்சியது குரல். எழுதியதைப் படித்துக் காட்ட ரமேஷ் ஹரிஹரன் முன்னின்று செய்த 'த்வனி' என்ற மென்பொருள், சிம்ப்யூட்டர் போன பிறகும் உயிரோடு இருந்தது. அதைச் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பின் சந்தோஷ் தோட்டிங்கல் எடுத்து வளர்த்து, மலையாளமும் தமிழும் உட்பட மேலும் பல மொழிகளைச் சேர்த்தார். அதன் உள்வேலை சிக்கனமானது: மனிதக் குரலில் சின்னச் சின்ன ஒலித்துண்டுகளாகப் பதிந்து, சுருக்கி வைத்துக்கொண்டு, எழுத்துகளைப் பார்த்து அடுத்தடுத்துக் கோக்கும். எழுதியபடியே உச்சரிக்கும் நம் மொழிகளுக்கு இந்த ஏற்பாடு போதும், அகராதியே வேண்டாம். தமிழ் மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும். மலையாளத்தில் வல்லினத்தின் ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து. நமக்கு ஒரே ககரம் 'காகம்' என்பதில் முதலில் வல்லென்றும் நடுவில் மெல்லென்றும் ஒலிக்க வேண்டும், 'தங்கம்' என்பதில் வேறு மாதிரி. நல்லவேளை, இடம் பார்த்து ஒலியை மாற்றச் சில விதிகளே போதும். அந்த விதிகளை மட்டும் நம்பும் எந்தக் கருவியும் காந்தியின் பெயரை வல்லின ககரத்தில்தான் தொடங்கும். நம் ஊர்ப் பெரியவர்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.